தோனோ: கதைகள் வாழும் ஜப்பானியப் பள்ளத்தாக்குக்குப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வடகிழக்கு ஜப்பானின் இவாத்தே மாகாணத்தில் உள்ள தோனோவுக்கு நான் போய் வந்ததை அறிந்த நண்பர்களும், அவர்கள் வழியாக அறிமுகமான பலரும், ஏறக்குறைய ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தந்திருக்கிறேன்.

1. தோனோ எங்கே இருக்கிறது? அங்கே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது?

தோனோ, மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. நிர்வாகக் கணக்கில் அது ஒரு நகரம்; ஆனால் 825 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது சுமார் 25,000 பேரே அங்கு வாழ்ந்தார்கள். வயல்களும் காடுகளும் நடுவே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுமே அதன் உண்மையான உருவம். 1,917 மீட்டர் உயரமுள்ள ஹயாச்சினே மலையும், ரொக்கோஷி, இஷிகாமி என்னும் இரண்டு மலைகளும் ஊரைக் காக்கும் மூன்று தேவியராகக் கருதப்படுகின்றன. ஒரு தாய்த் தெய்வம் தன் மூன்று மகள்களையும் உறங்கச் சொல்லி, இரவில் யார் மார்பின் மீது தெய்வ மலர் இறங்குகிறதோ அவளுக்கே மிக அழகிய மலை என்றாளாம். மலர் மூத்தவள் மீது இறங்கியது. விழித்துப் பார்த்த இளையவள் அதை ஓசைப்படாமல் எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டு, ஹயாச்சினேயைப் பெற்றுக்கொண்டாள்.

அங்கே காணக் கிடைப்பவை பெரும்பாலும் சிறியவை: ஓர் ஓடை, ஒரு மேட்டு நிலம், இரண்டு பாறைகள், ஓலைக்கூரை வேய்ந்த சில வீடுகள். கதை தெரியாமல் போகிறவருக்கு அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும். தெரிந்து போகிறவருக்கு மூன்று நாள் போதாது.

2. எல்லோரும் ஒரு புத்தகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அது என்ன புத்தகம்? படிக்காமல் போனால் குறையா?

அதன் பெயர் ‘தோனோ மோனோகதாரி’, அதாவது தோனோவின் கதைகள். வேளாண் துறை அதிகாரியாக இருந்து பின்னாளில் ஜப்பானிய நாட்டாரியலின் தந்தை என்று அறியப்பட்ட யானாகிதா குனியோ, 1910ஆம் ஆண்டில் 350 படிகள் மட்டும் அச்சிட்டு அதை வெளியிட்டார். ஆனால் கதைகள் அவருடையவை அல்ல. தோனோவின் சுச்சிபுச்சி என்னும் ஊரில் பிறந்து, டோக்கியோவில் படித்துக்கொண்டிருந்த சசாகி கிசென் என்ற இளைஞர் இரவுகளில் வந்து சொல்ல, யானாகிதா கேட்டு எழுதினார். எண்ணிட்ட 119 சிறு பகுதிகளில் சில நான்கைந்து வரிகளே கொண்டவை. யாருடைய வீட்டில், எந்த ஓடைக்கரையில், எந்த மலைப்பாதையில் நடந்தது என்பதை ஊர்ப்பெயரோடு சொல்வதுதான் அந்த நூலின் தனித்தன்மை.

அந்த இடங்கள் இன்றும் அதே பெயரோடு இருக்கின்றன. ஆகவே, படிக்காமல் போனால் குறைதான் என்பது என் உறுதியான கருத்து. ஆங்கில மொழிபெயர்ப்பு 1975 முதல் கிடைக்கிறது. ஒரே மாலையில் படித்து முடிக்கக்கூடிய அளவுதான்.

3. டோக்கியோவிலிருந்து எப்படிப் போவது? ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

தோஹோக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஷின்-ஹனமாகி நிலையம் வரை சென்று, அங்கே கமாய்ஷி தடத்தின் உள்ளூர் ரயிலுக்கு மாற வேண்டும். முதல் பகுதி ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டாவது பகுதி ஒரு மணி நேரத்துக்குள். உள்ளூர் ரயில்கள் மிகக் குறைவாகவே ஓடுவதால், முதலில் அந்த நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப அதிவேக ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுப்பதே சரியான வரிசை. இத்தடத்தின் நிலையங்களுக்கு எஸ்பெராந்தோ என்னும் செயற்கைப் பொதுமொழியில் செல்லப்பெயர்கள் உண்டு. தோனோ நிலையத்தின் செல்லப்பெயர் ‘ஃபோல்க்லோரோ’, அதாவது நாட்டார் வழக்காறு.

ஒரே நாளில் திரும்புவது இயலும். ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்க வேண்டும். மாலையில் மூடுபனி வயல்மீது இறங்கும் நேரத்தைப் பார்க்காமல் திரும்பினால், இக்கதைகள் ஏன் இந்த மண்ணில் பிறந்தன என்பது விளங்காமலே போய்விடும்.

4. ஊருக்குள் பேருந்து, ஆட்டோ ஏதாவது உண்டா? இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுமா?

பேருந்து உண்டு; ஆனால் அதை நம்பி ஒரு நாளைத் திட்டமிட முடியாது. ரயில் நிலையத்தின் எதிரிலேயே உள்ள சுற்றுலாத் தகவல் மையத்தில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கதைகள் செறிந்த சுச்சிபுச்சிப் பகுதி அங்கிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தொலைவுதான். பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால், உடல்நலமுள்ள யாரும் மெதுவாக மிதித்துச் செல்லலாம்.

தொலைவில் உள்ள இடங்களுக்குக் கார் தேவை. ஜப்பான், 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஏற்கிறது. இந்தியாவும் இலங்கையும் அந்த ஒப்பந்தத்தில் இருப்பதால், புறப்படும் முன் சொந்த நாட்டில் அதைப் பெற்று, மூல உரிமத்தோடும் கடவுச்சீட்டோடும் எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே போன பின் வாங்க முடியாது. நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடப்புறத்தில்தான் வண்டி ஓட்டுகிறார்கள்.

5. எந்த மாதத்தில் போவது நல்லது?

மே மாத இறுதியில் நாற்று நட்ட வயல்களும், அக்டோபரில் நிறம் மாறும் காடுகளும் அழகு. செப்டம்பரில் நடக்கும் ஊர்த் திருவிழாவில், மான்தலை முகமூடியும் வெண்ணிற மரச்சீவலால் ஆன நீண்ட பிடரியும் அணிந்து ஆடும் ‘ஷிஷி-ஒதோரி’ ஆட்டத்தைப் பல ஊர்க்குழுக்களின் வழியாக ஒருங்கே காணலாம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனி, மிதிவண்டிக்கு வாய்ப்பில்லை. ஆனால் கதைகள் அடுப்பருகே சொல்லப்பட்ட பருவம் அதுதான்.

கரடிகளைப் பற்றி ஒரு சொல். இவாத்தே முழுவதும் கருங்கரடிகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் அவை ஊர்களுக்குள்ளும் வருகின்றன. மலையோரப் பாதையில் நடப்பதானால் பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள். விடியற்காலையிலும் அந்தியிலும் தனியாகக் காட்டுக்குள் போகாதீர்கள். தகவல் மையத்தில் எச்சரிக்கை எழுதி வைத்திருந்தால், அதை அப்படியே மதித்து நடப்பது உங்களுக்கும் ஊராருக்கும் நல்லது.

6. காப்பா என்ற நீர்ப்பூதத்தைப் பிடிக்க உரிமம் தருகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். காப்பா, குழந்தை அளவுள்ள நீர்வாழ் உயிர். தலையுச்சியில் தட்டுப்போல் ஒரு குழி இருக்கும், அதில் உள்ள நீர் சிந்தினால் வலிமை போய்விடும் என்பது ஜப்பான் எங்கும் உள்ள நம்பிக்கை. பிற ஊர்களில் பச்சையாகச் சொல்லப்படும் அதன் முகம் தோனோவில் மட்டும் சிவப்பு. ஜோகென்ஜி கோயிலின் பின்புறம் மரங்கள் கவிந்து ஓடும் சிற்றோடைதான் ‘காப்பா-புச்சி’ என்னும் காப்பா மடு. அங்கே மூங்கில் தூண்டிலில் வெள்ளரிக்காய் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஓராண்டு செல்லும் உரிமச்சீட்டின் விதிகளை அச்சிட்டே தருகிறார்கள்: உயிரோடு, காயமின்றிப் பிடிக்க வேண்டும்; தலைத்தட்டின் நீர் சிந்தக் கூடாது; உலோகக் கருவி கூடாது; இரையாகப் புதிய காய்கறியே பயன்படுத்த வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் வாங்கிக் கொடுங்கள், மகிழ்வார்கள்.

அதே மடுவின் கரையில் ஒரு சிறு சன்னதி உண்டு. பால் சுரக்க வேண்டிப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் சிவப்புத் துணியில் மார்பு வடிவில் தைத்த சிறு பொதிகளை அங்கே காணிக்கையாக வைப்பார்கள். கோயிலில் தீப்பற்றியபோது காப்பா வந்து அணைத்ததாகச் சொல்லி, தலையில் குழியுள்ள காவல்நாய்ச் சிலைகளையும் நிறுத்தியிருக்கிறார்கள். நூலில் ஒரு காப்பா குதிரையை நீருக்குள் இழுக்கப் போய், தானே லாயம் வரை இழுபட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒளிந்து அகப்பட்டுக்கொள்கிறது. ஊரார் கூடிப் பேசி, இனி இந்த ஊர்க் குதிரைகளைத் தொடுவதில்லை என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதற்குச் சற்று முந்தைய பகுதிகளிலேயே, காப்பாவின் பிள்ளை என்று சொல்லப்பட்ட பச்சிளங்குழந்தைகளைக் கொன்று புதைத்த செய்தியும் இருக்கிறது. பஞ்சக் காலத்தில் வளர்க்க வழியின்றிச் சிசுக்களைக் கைவிட்ட துயரமே இப்படிக் கதையாயிற்று என்று கருதுவோர் உண்டு. உரிமச்சீட்டோடு சிரித்து நிற்கும்போதும் எனக்கு அது நினைவில் இருந்தது.

7. துணி போர்த்திய ஆயிரம் பொம்மைகள் உள்ள அறையைப் படத்தில் பார்த்தேன். அது என்ன?

அது ‘தென்ஷோஎன்’ என்னும் திறந்தவெளிக் காட்சியகத்தில் உள்ள ஒஷிரா-சாமா மண்டபம். காப்பா மடுவிலிருந்து நடந்தே போகலாம். ஒஷிரா-சாமா என்பது முசுக்கட்டை மரக்குச்சியில் செதுக்கிய வீட்டுத் தெய்வம். பெரும்பாலும் ஒன்றில் குதிரைத் தலையும் மற்றொன்றில் பெண்ணின் தலையுமாக இணையாகவே இருக்கும். ஒரு குடியானவரின் மகள் தங்கள் குதிரையை நேசித்து அதற்கு மனைவியானாள். அறிந்த தந்தை குதிரையை முசுக்கட்டை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்றார். மகள் அதன் கழுத்தைக் கட்டி அழ, சினம் தீராமல் கோடரியால் தலையை வெட்டினார். அந்தத் தலையின் மீதே அவள் வானேறிப் போனாள். முசுக்கட்டை, பட்டுப்புழுவின் உணவு; ஆகவே இத்தெய்வம் பட்டுத்தொழிலின் காவலாகவும் வணங்கப்படுகிறது.

ஆண்டுதோறும் பழைய துணியைக் களையாமல் அதன் மேலேயே புதிய துணியைப் போர்த்துவது வழக்கம். நீங்களும் ஒரு துண்டுத் துணியில் வேண்டுதலை எழுதிப் போர்த்தலாம். தமிழில் எழுதினாலும் யாரும் தடை சொல்வதில்லை.

8. ‘வளைந்த வீடு’ என்கிறார்களே, அதில் என்ன சிறப்பு?

அதை ‘மகாரியா’ என்பார்கள். மனிதர் வாழும் பகுதியும் குதிரை லாயமும் ஒரே கூரையின் கீழ், செங்கோணமாக இணைந்திருக்கும் வீடு. அடுப்பின் வெப்பமும் புகையும் லாயத்தின் பக்கம் சென்று குதிரைகளைக் குளிரிலிருந்து காக்கும். வீட்டார் அடுப்படியில் இருந்தபடியே குதிரையைப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வட்டாரம் குதிரை வளர்ப்புக்குப் பெயர் பெற்றது. முந்தைய பதிலில் சொன்ன கதை, குதிரையும் மனிதரும் ஒரே கூரைக்கடியில் உறங்கிய இவ்வீட்டுக்குள் நின்று நினைத்தால்தான் இயல்பாகப் படுகிறது.

தென்ஷோஎன்னிலேயே ஒரு மகாரியா இருக்கிறது. இன்னும் பார்க்க விரும்பினால் ‘தோனோ ஃபுருசாதோ’ கிராமத்துக்குச் செல்லுங்கள். பல வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, வயலும் ஓடையுமாக ஒரு பழைய ஊரையே அமைத்திருக்கிறார்கள். வைக்கோல் பின்னல் போன்ற கைவேலைகளை அங்குள்ள முதியவர்களே கற்றுத் தருகிறார்கள்.

9. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. கதைசொல்லிகளிடம் போய் உட்கார்ந்து என்ன பயன்?

பயன் உண்டு. ஊர் நடுவே உள்ள ‘தோனோ கதை இல்லம்’ என்னும் நிலையத்தில், ‘கதாரிபே’ எனப்படும் கதைசொல்லிகள் வட்டார வழக்கிலேயே சொல்கிறார்கள். டோக்கியோவாசிகளுக்கும் அது முழுமையாகப் புரிவதில்லை. ‘முகாஷி அத்தா ஸு மோ நா’ என்று தொடங்கும். முன்னொரு காலத்தில் நடந்ததாம் என்று பொருள். ‘தொந்தோ ஹரே’ என்று முடியும். முன்னதாகக் கதையைப் படித்துவிட்டுப் போனால், குரலின் ஏற்ற இறக்கத்திலேயே எந்த இடம் வந்திருக்கிறது என்பதை உணரலாம். 1909இல் யானாகிதா இவ்வூருக்கு வந்தபோது தங்கிய பழைய விடுதியும் அந்த வளாகத்திலேயே பாதுகாக்கப்பட்டுள்ளது.

10. அறுபது வயதானவர்களை மலையில் கொண்டுபோய் விட்டார்களாமே, அந்த இடத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். அதன் பெயர் தெந்தெரா-னோ. சசாகி கிசென் பிறந்த யமகுச்சிச் சிற்றூரின் பக்கத்தில் உள்ள மேட்டு நிலம். வைக்கோலால் கூம்புபோல் வேய்ந்த ஒரு குடிசையை மாதிரிக்காகக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். நூலின் 111ஆம் பகுதி, அறுபதைக் கடந்தவர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள் என்கிறது. ஆனால் அவர்கள் உடனே சாகவில்லை. பகலில் ஊருக்குள் இறங்கி வயல்வேலை செய்து, கிடைத்ததை உண்டு, இரவில் மேட்டுக்குத் திரும்பினார்கள். காலையில் வேலைக்கு இறங்குவதை ‘ஹகாதாச்சி’ என்றும், மாலையில் திரும்புவதை ‘ஹகாஆகாரி’ என்றும் அவ்வட்டாரத்தில் பின்னரும் சொல்லிவந்தார்கள் என்று நூல் பதிவு செய்கிறது.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மேட்டிலிருந்து பார்த்தால் வீடுகளின் கூரைகள் மிக அருகில் தெரிகின்றன. கண்காணாத காட்டில் விட்டுவிட்டு வந்த கதையல்ல இது. தன் வீட்டுப் புகை எழுவதையும் பேரப்பிள்ளைகள் விளையாடுவதையும் பார்த்தபடி, ஆனால் அங்கே உறங்க உரிமையின்றி வாழ்ந்தவர்களின் கதை. கோடையில் வடகிழக்குக் கடலிலிருந்து வீசும் ‘யமாசே’ என்னும் குளிர்காற்று நெற்கதிரைப் பால் பிடிக்க விடாது; அது வந்த ஆண்டுகளில் தோஹோக்கு எனப்படும் வடகிழக்கு ஜப்பான் முழுவதும் பஞ்சம். எதிர்ப்புறக் குன்றான தன்னோஹனா, இன்றும் ஊராரின் இடுகாடு. சசாகியின் கல்லறையும் அங்கேதான். நூலில் வரும் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் வாழ்கிறார்கள் என்பதை மனத்தில் கொண்டு, உரத்த பேச்சையும் கேளிக்கைப் படங்களையும் இங்கே தவிர்த்துவிடுங்கள்.

11. பட்டியலில் இல்லாத, ஆனால் தவறவிடக் கூடாத இடம் எது?

‘கொஹ்யாகு ரகான்’ என்னும் ஐந்நூறு அரஹந்தர்கள், அதாவது ஞானம் பெற்ற புத்தச் சீடர்களின் உருவங்கள். 18ஆம் நூற்றாண்டின் பஞ்சத்தில் மடிந்தவர்களுக்காக, தாய்ஜிஜி கோயிலின் துறவி கிசான், மலைச்சரிவில் கிடந்த இயற்கைப் பாறைகளிலேயே முகங்களைச் செதுக்கினார். இப்போது அவை பாசியில் புதைந்திருக்கின்றன. முதலில் வெறும் பாறைகளே தெரியும், சற்று நேரம் நின்றால் ஒவ்வொரு முகமாகத் தோன்றத் தொடங்கும். பாறைகள் வழுக்கும், அவற்றின் மீது ஏறக் கூடாது.

வழியிலுள்ள சிறிய உனெதோரி சன்னதியில், இடக்கையால் மட்டும் சிவப்புத் துணியைக் கட்டி முடித்தால் நல்ல துணை அமையும் என்பது நம்பிக்கை. மேற்கே அயாஓரியில், காட்டுக்குள் சிறிய பாறையின் மீது ஒரு பெரும்பாறை அமர்ந்திருக்கும் த்ஸுஸுகி-இஷி இருக்கிறது. கரடி எச்சரிக்கை இங்கே முக்கியம்.

12. குழந்தைப் பேய் வரும் விடுதி தோனோவில்தானே இருக்கிறது?

இல்லை. ஜாஷிகி வராஷி என்னும் அக்குழந்தை வருவதாகப் புகழ்பெற்ற விடுதி, இதே மாகாணத்தின் வடகோடியில் நினோஹே நகரத்துக் கிந்தாய்ச்சி வெந்நீரூற்றுப் பகுதியில் உள்ளது; 2009இல் எரிந்து, 2016இல் மீண்டும் திறக்கப்பட்டது. மேலும் அதைப் பேய் என்று சொல்வதும் பொருந்தாது. அது இருக்கும் வீடு செழிக்கும், அது வெளியேறினால் வீடு அழியும். தோனோ நூலில், யமகுச்சியின் ஒரு செல்வக் குடும்பத்தை விட்டு இரண்டு சிறுமிகள் நடந்து போவதை ஒருவர் பார்க்கிறார். சில நாளிலேயே நச்சுக்காளான் தின்று இருபதுக்கும் மேற்பட்டோர் இறக்க, விளையாட்டில் உணவை மறந்து வெளியே இருந்த ஏழு வயதுச் சிறுமி மட்டும் பிழைக்கிறாள்.

13. நான் சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கடினம் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு புறப்படுங்கள். ஊரின் பெருமைக்குரிய உணவு செம்மறி இறைச்சிச் சுடல். கோதுமை மாவைக் கிள்ளிப் போட்டுச் செய்யும் ‘ஹித்சுமி’ காய்ச் சாற்றிலும் மீன் அல்லது கோழிச் சாறு சேர்ந்திருக்கும். தங்கும் விடுதியில் முன்பதிவின்போதே இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாக ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்புங்கள். ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது. வெறுஞ்சோறு, ஊறுகாய், பழம் எங்கும் கிடைக்கும்.

14. அங்குள்ள சன்னதிகளில் நாமும் கும்பிடலாமா? படம் எடுக்கலாமா?

தாராளமாகக் கும்பிடலாம். தோரி என்னும் வாயில் உள்ள, ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் ஆலயத்தில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். புத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, கைகூப்பினால் போதும். வெளிப்புறத்தில் படம் எடுக்கத் தடையில்லை. வீடுகள், வயலில் வேலை செய்வோர், கல்லறைகள் ஆகியவற்றைக் கேளாமல் எடுக்காதீர்கள். வயல் வரப்பில் நடக்காதீர்கள். பத்தாம் கேள்வியில் சொன்ன இரண்டு இடங்களுக்கும் இது இரு மடங்கு பொருந்தும்.

15. எல்லாம் சுற்றுலாவுக்காக ஜோடித்ததுதானே? காவல் சாவடியே காப்பா முகத்தில் கட்டியிருக்கிறார்களே?

ரயில் நிலையத்தின் எதிரிலுள்ள சாவடி அப்படித்தான் இருக்கிறது. வெள்ளரிக்காய்த் தூண்டிலும் விளையாட்டுத்தான். ஆனால் இவை எல்லாம் மேற்பூச்சு. முதியோர் மேடும், பஞ்சத்தின் பாறை முகங்களும் யாரையும் மகிழ்விக்க உருவானவை அல்ல. இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருக்கும் ஒரு மலையூர், தன் கதைகளையே பிழைப்புக்கான வழியாகவும் ஆக்கிக்கொண்டதில் நான் குறை காணவில்லை. அப்படிச் செய்ததால்தான் கதாரிபேக்களின் குரலை இன்றும் கேட்க முடிகிறது.

நூலில் ‘மயோயிகா’ என்னும் மலைவீடு ஒன்று வருகிறது. வழிதவறிய ஒரு பெண் அங்கே கரிய வாயிலையும், பூக்களையும், கோழிகளையும், கொதிக்கும் கெண்டியையும் காண்கிறாள், மனிதர் எவருமில்லை. அந்த வீட்டைக் கண்டவர் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துவர வேண்டும் என்பது வழக்கு. அவளோ அஞ்சி, எதையும் தொடாமல் ஓடிவந்துவிடுகிறாள். பின்னொரு நாள் ஆற்றில் ஒரு சிவப்புக் கிண்ணம் அவளைத் தேடி மிதந்து வருகிறது. அதை அளவையாகத் தானியப் பெட்டியில் போட்ட நாள் முதல், தானியம் குறையவே இல்லை. இந்தக் கதையைக் காட்டும் கடையோ சிலையோ நான் அங்கே காணவில்லை. வீடு இருந்த இடம் யாருக்கும் தெரியாது. தோனோவில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

16. அப்படியே கடற்கரைக்கும் போய் வரலாமா? அதற்கும் இந்தக் கதைகளுக்கும் தொடர்பு உண்டா?

போகலாம்; ஆழமான தொடர்பும் உண்டு. 1896ஆம் ஆண்டுச் சுனாமியில் இக்கடற்கரையில் சுமார் 22,000 பேர் இறந்தார்கள். நூலின் 99ஆம் பகுதி, தோனோவிலிருந்து தானோஹாமா என்னும் கடற்கரை ஊருக்கு மாப்பிள்ளையாகப் போனவரைப் பற்றியது. அவர் மனைவியையும் பிள்ளைகளில் சிலரையும் அலையில் இழந்து, எஞ்சிய இருவரோடு வீடு இருந்த இடத்திலேயே குடிசை போட்டு வாழ்கிறார். ஓராண்டுக்குப் பின், மூடுபனி படர்ந்த நிலவொளியில் கடற்கரையோரம் ஓர் ஆணும் பெண்ணும் நடந்து வருகிறார்கள். பெண், அவருடைய இறந்த மனைவி. உடன் வருபவன் அவளைத் திருமணத்துக்கு முன் நேசித்ததாக ஊரார் சொன்னவன். அவனும் அலையில் போனவன். ‘இப்போது இவரோடு வாழ்கிறேன்’ என்கிறாள். ‘பிள்ளைகள் மீது உனக்கு ஆசை இல்லையா?’ என்று இவர் கேட்க, அவள் முகம் சற்று மாறி, அழுகிறாள். பிறகு இருவரும் விரைந்து போய்விடுகிறார்கள்.

அதே தானோஹாமாவை 2011 மார்ச் 11ஆம் நாள் மீண்டும் சுனாமி அழித்தது. அப்போது, கடற்கரைக்குப் பின்னால் மலை நடுவே இருந்த தோனோதான் மீட்புப் படைகளுக்கும் தொண்டர்களுக்கும் தளமாக இருந்தது. தோனோவிலிருந்து கடற்கரை நகரமான கமாய்ஷி வரை ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில் பயணம். அங்கே சன்ரிகு ரயில்பாதைக்கு மாறி வடக்கே சென்றால், தானோஹாமாவுக்கு அருகிலுள்ள இவாத்தே-ஃபுனாகோஷி நிலையத்தில் இறங்கலாம். 99ஆம் பகுதியை அந்த ரயிலில் படியுங்கள். இரண்டு பக்கம்கூட வராது.